ஹைட்ரஜன் புகுந்தால் உலோகம் உடையுமா? சுவாமிமலை வார்ப்பு முதல் 'உலோகக் கண்ணாடி' வரை... முழு விளக்கம்!

ரயில் ஹைட்ரஜனில் ஓடப் போகிறது, படகு ஹைட்ரஜனில் ஓடப் போகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. சென்னை ஐசிஎஃப் ஆலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. தூத்துக்குடி துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் மையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் இந்த வாயுவிடம் ஒரு வில்லங்கமான குணம் உண்டு. தன்னை அடைத்து வைத்திருக்கும் உலோகத்துக்குள்ளேயே அது நுழைந்துவிடும். வெளியே பார்த்தால் கீறல்கூடத் தெரியாது. ஒருநாள் திடீரென்று உலோகம் கண்ணாடி போல முறியும்.

சரி, உலோகத்தையே கண்ணாடி மாதிரி தயாரித்துவிட்டால் ஹைட்ரஜன் என்ன செய்யும்? விஞ்ஞானிகள் இப்போது ஆராய்ந்து வரும் கேள்வி இதுதான். இதைப் புரிந்துகொள்ள, தாராசுரம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஒரு தொழிலில் இருந்தே தொடங்கலாம்.

தாராசுரத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் என்ன சம்பந்தம்?

தாராசுரம் என்றதும் நினைவுக்கு வருவது ஐராவதேஸ்வரர் கோயில். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சுவாமிமலை. சோழர் கோயில் பணிகளுக்காக வந்த ஸ்தபதிகள், தாராசுரம் கோயில் வேலைக்குப் பிறகு சுவாமிமலையில் தங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் மரபில் சொல்லப்படும் செய்தி. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

அங்கே சிலை உருவாகும் முறை இது:

* தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் கலந்து முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள்.

* அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசுகிறார்கள். இந்த மண் ரொம்ப நைசாக இருப்பதால் நகம், நகை, மடிப்பு எல்லாம் அப்படியே பதியும்.

* அடுத்தடுத்த பூச்சுக்கு வயல் களிமண்ணும் மணலும் கலந்த கலவை. பெரிய அச்சு என்றால் இரும்புக் கம்பி கட்டி இறுக்குவார்கள்.

* அச்சை நிழலில் காயவிடுகிறார்கள். பிறகு வறட்டி நெருப்பில் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள்.

* அச்சு சூடாக இருக்கும்போதே உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

இதில் கடைசி இரண்டு படிகளைக் கவனியுங்கள். அச்சு ஏன் அவ்வளவு நன்றாகக் காய வேண்டும்? ஏன் சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும்? உலோகம் எல்லா மூலைக்கும் ஓடிச் சேர வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஈரம்.

ஈரம் இருந்தால் என்ன ஆகும்?

தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய உலோகக் குழம்பு ஈரத்தில் பட்டால், பெரும்பகுதி சட்டென்று ஆவியாகும். அந்த ஆவியில் ஒரு பகுதி உலோகத்தோடு வினை புரிந்து பிரியும். ஆக்சிஜன் உலோகத்தோடு சேரும். தனித்து விடப்பட்ட ஹைட்ரஜன் அணுக்கள், தண்ணீரில் சர்க்கரை கரைவது போல, உருகிய உலோகத்துக்குள் கரைந்துவிடும்.

குழம்பாக இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. தாமிரம் சுமார் 1,085 டிகிரியில் இறுகத் தொடங்கும்போதுதான் சிக்கல். திரவத் தாமிரம் ஏற்கும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் திடத் தாமிரம் தாங்கும். அலுமினியத்தில் இந்த இறக்கம் இன்னும் மோசம், சுமார் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மிச்ச ஹைட்ரஜன் எங்கே போகும்? வெளியேற நேரம் இல்லாமல் குமிழியாக உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உலோகத்தில் ஆக்சிஜனும் கரைந்திருந்தால், இரண்டும் மறுபடி சேர்ந்து நீராவிக் குமிழியாகவும் மாறும்.

விளைவு, சிலைக்குள் ஊசித் துளைகள். அந்த இடத்தில் உலோகம் பலவீனமாகிவிடும். விரல் நுனியிலோ முகத்திலோ துளை விழுந்தால் பல வார உழைப்பு வீண். மண் அச்சில் மெழுகு உருகி ஓடிய பிறகு, அந்த அச்சுக்கு மறுபிறவி கிடையாது.

இன்னொரு சுவாரசியம்: துத்தநாகம் அதிகம் கலந்த பித்தளையில் இந்தத் தொல்லை குறைவு. துத்தநாகம் சுமார் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது கரைந்திருக்கும் ஹைட்ரஜனையும் கூடவே இழுத்துக்கொண்டு வெளியேறும். வெள்ளீயம் கலந்த வெண்கலத்துக்கு அந்த வசதி இல்லை.

இறுகிய உலோகத்துக்குள்ளும் ஹைட்ரஜன் போகுமா?

போகும். ஆபத்தானது இதுதான். வார்ப்பில் விழும் துளையையாவது அறுத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். திட உலோகத்துக்குள் அணு அணுவாகப் போன ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது.

1875-லேயே இங்கிலாந்தின் வில்லியம் ஜான்சன் இதை ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். அமிலத்தில் சிறிது நேரம் ஊறிய இரும்புக் கம்பி, வளைத்தால் முறிந்தது. அதே கம்பியைச் சில நாள் சும்மா வைத்திருந்தால் பழைய உறுதி திரும்பியது. உள்ளே போன ஹைட்ரஜன் மெல்ல வெளியேறியதுதான் காரணம். இந்தக் கோளாறுக்குத் தமிழில் 'ஹைட்ரஜன் நொறுங்குமை' என்று சொல்லலாம்.

எவ்வளவு ஹைட்ரஜன் இருந்தால் ஆபத்து? மிக வலுவான எஃகு வகைகளுக்கு, எடையில் பத்து லட்சத்தில் சில பங்கு போதும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. எஃகு எவ்வளவு வலுவானதோ, ஹைட்ரஜனிடம் அவ்வளவு எளிதாகத் தோற்கும். மலிவான, மென்மையான எஃகு ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

சான்பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 2013 மார்ச்சில், இறுக்கிய 96 நங்கூரக் கம்பிகளில் 32 கம்பிகள் சில நாட்களிலேயே முறிந்தன. துத்தநாகப் பூச்சு கொண்ட மிக வலுவான எஃகுக் கம்பிகள் அவை. இறுக்குவதற்கு முன் நீண்ட காலம் தண்ணீர் தேங்கிய குழிகளில் நின்றிருந்தன. விசாரணையில் காரணமாக வந்தது ஹைட்ரஜன். பாலம் திறப்பதற்கு முன்பே தெரிந்ததால் மாற்று ஏற்பாடு செய்ய முடிந்தது.

கல்பாக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினையை நேரடியாகச் சந்தித்த இடம் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் கனநீரில் இயங்குபவை. கனநீரில் இருப்பது ஹைட்ரஜனின் எடை கூடிய உடன்பிறப்பான டியூட்டீரியம். எரிபொருளும் சூடான கனநீரும் செல்லும் அழுத்தக் குழாய்கள் சிர்கோனியம் கலவையில் செய்யப்பட்டவை.

ஆண்டுக்கணக்கில் ஓடும்போது டியூட்டீரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்ச் சுவருக்குள் போகும். அளவு மீறினால் சிர்கோனியத்தோடு சேர்ந்து 'ஹைட்ரைடு' என்ற மெல்லிய தகடுகளாகப் படியும். அந்தத் தகடுகள் அப்பளம் மாதிரி நொறுங்கக்கூடியவை. கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983 ஆகஸ்ட் 1 அன்று இப்படி ஒரு குழாய் நீளவாக்கில் சுமார் 2 மீட்டர் பிளந்தது.

கல்பாக்கத்திலும் ஆரம்பத்தில் பொருத்தியது அதே ரகக் குழாய், சிர்கலாய்-2. 2002-க்குப் பிறகு உலைகளை அடுத்தடுத்து நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் எடுத்துவிட்டு, ஹைட்ரஜனைக் குறைவாக உறிஞ்சும் சிர்கோனியம் - 2.5% நையோபியம் கலவைக் குழாய்களைப் பொருத்தினார்கள்.

இந்தச் சிர்கோனியத்தை நினைவில் வையுங்கள். உலோகக் கண்ணாடிக் கதையிலும் முக்கியப் பாத்திரம் இதுதான்.

உலோகக் கண்ணாடி... அப்படின்னா என்ன?

பேரைக் கேட்டு ஏமாற வேண்டாம். இது முகம் பார்க்கும் கண்ணாடியோ, ஊடுருவிப் பார்க்கக்கூடிய பொருளோ இல்லை. முழுக்க முழுக்க உலோகம்தான். உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் கண்ணாடியைப் போன்றது.

டெல்டாக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கயிறு பிடித்து வரிசையாக நட்ட நடவு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்றுக்கு நாற்று ஒரே இடைவெளி. வயலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பு. சாதாரண உலோகம் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு படிகமும் ஒரு வயல். படிகங்கள் சேரும் எல்லைதான் வரப்பு.

இப்போது களத்தில் கொட்டிய நெல் குவியலை நினையுங்கள். நெல் மணிகள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் வரிசை இல்லை, வரப்பு இல்லை. இடையிடையே சின்னதும் பெரிசுமாகப் பொந்துகள். உலோகக் கண்ணாடி இந்தக் குவியல்.

உருகிய உலோகத்தில் அணுக்கள் குவியலாகத்தான் இருக்கும். மெதுவாகக் குளிர்ந்தால் வரிசையில் வந்து நிற்கும். வரிசைக்கு வர நேரமே கொடுக்காமல் படாரென்று குளிரவைத்தால் குவியலாகவே உறைந்துவிடும். 1960-ல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் போல் டூவே குழுவினர் தங்கமும் சிலிக்கானும் கலந்த கலவையில் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு நொடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்விக்க வேண்டியிருந்தது. அதனால் மெல்லிய துணுக்குகள்தான் கிடைத்தன.

1993-ல் அதே கால்டெக்கில் பீக்கரும் ஜான்சனும் சிர்கோனியம், டைட்டானியம், தாமிரம், நிக்கல், பெரிலியம் ஆகிய ஐந்தையும் கலந்து புதிய கலவை ஒன்றை உருவாக்கினார்கள். நொடிக்குச் சில டிகிரி வேகத்தில் குளிர்ந்தாலே அது கண்ணாடியானது. சென்டிமீட்டர் கணக்கில் தடிமனான கட்டிகளை வார்க்க முடிந்தது.

இதை எங்கே பயன்படுத்துகிறார்கள்?

* மின் இழப்பைக் குறைக்கும் விநியோக டிரான்ஸ்பார்மர்களின் உட்கருவில். இரும்பு, போரான், சிலிக்கான் கலந்த மெல்லிய நாடாவாக இது இந்தியாவிலும் பயன்பாட்டில் இருக்கிறது.

* கோல்ஃப் மட்டை, சிறு இயந்திரப் பாகங்கள் போன்றவற்றில்.

* ஹைட்ரஜனைப் பிற வாயுக்களிலிருந்து பிரித்தெடுக்கும் சவ்வாகப் பயன்படுத்தவும் ஆய்வு நடக்கிறது.

வலு எப்படி? சாதாரண உலோகத்தை 1 சதவீதத்துக்கும் குறைவாக இழுத்தாலே பெரும்பாலும் நிரந்தரமாக வளைந்துவிடும். உலோகக் கண்ணாடி சுமார் 2 சதவீதம் வரை இழுபட்டுவிட்டு ரப்பர் மாதிரி பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் எல்லை தாண்டினால் முன்னறிவிப்பு கிடையாது. நெல் குவியலில் ஒரு பக்கம் திடீரென்று சரிவது போல, மெல்லிய ஒரு பட்டையில் மட்டும் அணுக்கள் சறுக்கும். அந்தச் சறுக்கல் பட்டை வழியே பொருள் இரண்டாகும்.

இதில் ஹைட்ரஜன் நுழைந்தால்?

முதலில் ஒரு நல்ல செய்தி போலத் தோன்றும். படிக உலோகத்தில் ஹைட்ரஜன் தேங்கும் முக்கியமான இடங்களில் ஒன்று, அந்த வரப்புகள். எஃகு பல நேரம் வரப்பு வழியேதான் பிளக்கும். உலோகக் கண்ணாடியில் வரப்பே இல்லை. அப்படியானால் ஹைட்ரஜன் எதுவும் செய்யாது, இல்லையா?

அப்படி இல்லை. வரப்பு இல்லாவிட்டாலும் பொந்துகள் நிறைய. ஹைட்ரஜனோ மிகச் சின்ன அணு. ஆய்வகத்தில் உலோகக் கண்ணாடியை நீர்த்த அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினாலே ஹைட்ரஜன் உள்ளே இறங்கிவிடுகிறது. சிர்கோனியம் அதிகம் உள்ள கண்ணாடி ஏராளமாகக் குடிக்கும். அதன் பிறகு என்ன ஆகும் என்பது அளவையும் கலவையையும் பொறுத்து மாறுகிறது.

1. அதிகமானால் நொறுங்கும்: வளைத்தால் மடங்கக்கூடிய இரும்பு வகை நாடா, ஹைட்ரஜன் ஏற்றிய பிறகு வளைத்தால் முறிகிறது. ஹைட்ரஜன் வெளியேறியதும் வளையும் தன்மை திரும்புகிறது. 1875-ல் இரும்புக் கம்பியில் கண்ட அதே குணம். சிர்கோனியக் கண்ணாடியில் ஹைட்ரஜன் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளப்படுவதால் அவ்வளவு எளிதாக வெளியே வராது. சூடாக்கினால் சில நேரம் ஹைட்ரைடு படிகங்களே உருவாகிவிடும்.

2. கடினமாகலாம், மென்மையாகவும் ஆகலாம்: நிக்கல், நையோபியம், சிர்கோனியம் கலந்த கண்ணாடிகளில் தென்கொரிய ஆய்வாளர்களும் இந்திய உலோகவியலாளர் உபத்ரஷ்ட ராமமூர்த்தியும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. மிக நுண்ணிய ஊசியால் அழுத்திப் பார்த்தபோது, ஹைட்ரஜன் புகுந்ததும் சில கலவைகள் கடினமாயின, சில மென்மையாயின. எது எப்படி மாறும் என்பதைத் தீர்மானித்தது சிர்கோனியத்தின் அளவு.

3. உருக்கும்போதே சேர்த்தால் உதவவும் செய்யும்: சிர்கோனியக் கலவையை ஆர்கானும் சிறிதளவு ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் உருக்கி வார்த்த சீன ஆய்வாளர்கள், கண்ணாடியாகும் திறனும், அழுத்தும்போது உடையாமல் நசுங்கும் தன்மையும் கூடியதைக் கண்டார்கள்.

ஒரே வாயு ஏன் இப்படி மாறி மாறி நடக்கிறது? நெல் குவியலையே எடுத்துக்கொள்வோம். பொந்துகளில் கொஞ்சம் குறுநொய் விழுந்தால் மணிகள் நகர இடமின்றி குவியல் இறுகும். இதுதான் கடினமாதல். குறுநொய் வேறு விதமாக விழுந்து பல இடங்களில் சின்னச் சின்னச் சரிவுகளை ஏற்படுத்தினால், ஒரே இடத்தில் பெரிய சரிவு வராது. இதுதான் உடையாமல் நசுங்குவது. அளவுக்கு மீறிக் கொட்டினால் மணிகளே விலகி, ஒன்றுக்கொன்று பிடிப்பு இல்லாமல் போகும். இதுதான் நொறுங்குதல்.

ஆக, 'ஹைட்ரஜன் உலோகக் கண்ணாடிக்கு நல்லதா கெட்டதா' என்ற கேள்விக்கு ஒற்றை வரி பதில் கிடையாது. எந்தக் கலவை, எவ்வளவு ஹைட்ரஜன், உருக்கும்போது போனதா இறுகிய பிறகு போனதா என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இந்த ஆராய்ச்சி இப்போது ஏன் முக்கியம்?

தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறன் என்பது இலக்கு. வாகனங்களில் ஹைட்ரஜனைப் பொதுவாக 350 முதல் 700 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைக்கிறார்கள். டேங்க் மட்டுமல்ல, வால்வு, ஸ்பிரிங், இணைப்புக் குழாய் என ஒவ்வொரு உலோகத் துண்டும் அந்த அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும்.

இன்னொரு பக்கம், உற்பத்தியான ஹைட்ரஜனைச் சுத்தமாகப் பிரிக்க இன்று பயன்படும் சவ்வு பல்லேடியம் உலோகத்தில் ஆனது. விலை மிக அதிகம். நிக்கல் - நையோபியம் - சிர்கோனியக் கண்ணாடியும் ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும், விலையும் குறைவு. ஆனால் ஹைட்ரஜன் கடந்துபோகும்போதே சவ்வு நொறுங்கிவிடக் கூடாது. உள்ளே விட வேண்டும், ஆனால் உடையக் கூடாது. இந்தச் சமநிலையைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

நம்ம வீட்டில், பட்டறையில் இதனால் ஆபத்து உண்டா?

சமையல் காஸ் சிலிண்டர்: இந்த ஆபத்து இல்லை. அதில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன். சாதாரண வெப்பநிலையில் அவை பிரிந்து ஹைட்ரஜன் அணுக்களை எஃகுக்குள் அனுப்புவதில்லை. கசிவு, தீ பற்றிய வழக்கமான எச்சரிக்கைகள் மட்டும் பொருந்தும்.

வீட்டில் உள்ள பித்தளை, ஐம்பொன் சிலைகள்: காற்றில் இருக்கும் ஈரத்தால் இவை ஹைட்ரஜன் புகுந்து உடையாது.

வெல்டிங்: கவனம் தேவை. டிராக்டர், அறுவடை இயந்திரப் பாகங்களை ஒட்டவைக்கும் பட்டறைகளில் வெல்டிங் ராடு ஈரமாக இருந்தால், அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் இணைப்புக்குள் போகும். வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட, சிலசமயம் மறுநாள், விரிசல் வரலாம். வலுவான எஃகுக்குப் பயன்படும் 7018 போன்ற 'லோ ஹைட்ரஜன்' ராடுகளைப் பெட்டி திறந்த பிறகு சூடான அடுப்பில் வைக்கச் சொல்வது இதனால்தான். ஈரம் பட்டிருந்தால், தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் மறுபடி வறுத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

முலாம் பூசிய போல்ட்: மிக வலுவான போல்ட்டுகளுக்கு முலாம் பூசியதும் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுட வேண்டும். பூசும்போது புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற இதுதான் வழி. மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்தப் படியைத் தாண்டிய போல்ட்டை பளு தாங்கும் இடத்தில் பொருத்தினால், இறுக்கிய சில நாளில் தலை தெறிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* உருகிய உலோகத்தில் கரைந்த ஹைட்ரஜன், இறுகும்போது துளையாகிறது. அச்சின் ஈரத்தைப் போக்குவதே முதல் தடுப்பு.

* திட உலோகத்தில் புகுந்த ஹைட்ரஜன், வலுவான எஃகையும் சிர்கோனியத்தையும் நொறுங்க வைக்கிறது.

* உலோகக் கண்ணாடியில் வரப்பு இல்லை என்பதால் மட்டும் அது தப்பிவிடாது. கலவையையும் அளவையும் பொறுத்து இறுகும், இளகும், அல்லது நொறுங்கும்.

* வெல்டிங் ராடு, போல்ட், வார்ப்பு அச்சு என எதுவானாலும் தற்காப்பு ஒன்றுதான்: ஈரத்தை உள்ளே விடாதே, போன ஹைட்ரஜனைச் சூடு கொடுத்து வெளியேற்று. காரணத்துக்கு வேதியியல் பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே, இதில் முதல் பாதியைக் காவிரிக் கரையில் வறட்டி நெருப்பு செய்துகொண்டிருந்தது.